காலடிப்பேட்டையில் ஒரு கீழ்வீடு: 26 நாள் தேடலின் கணக்கு

இது ஒரே ஒரு குடும்பம் வீடு தேடிய கதை. என் சித்தி மகனின் குடும்பம். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வருகிறவர்கள் வீடு பிடிக்கும்போது எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பதைத் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு 22 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நானே ஐந்து வாடகை வீடுகள் மாறியவன். அப்படியிருந்தும் தம்பிக்காக அலைந்த அந்த 26 நாட்களில் எனக்குத் தெரியாத சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அவை இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும்.

தம்பி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்தான். 2024 ஏப்ரலில் மணலிக்கு அப்பால் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. பிடித்தம் போகக் கையில் வருவது 24,000 ரூபாய். அவன் மனைவி தையல் தெரிந்தவர்; ஊரில் ஜாக்கெட் தைத்து மாதம் ஐந்தாறாயிரம் சம்பாதித்துக்கொண்டிருந்தார். மகள் ஆறாம் வகுப்பில் சேர வேண்டியவள். சித்திக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், படி ஏற முடியாது. சித்தியை ஊரில் விட்டுவிட்டு வரலாம் என்ற பேச்சை யாருமே எடுக்கவில்லை.

ஆகவே தேவை தெளிவாக இருந்தது. கீழ்வீடு. உட்கார்ந்து எழும் வகைக் கழிப்பறை. தையல் இயந்திரம் போட வெளிச்சமுள்ள ஓர் இடம். மகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி. தம்பிக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் வேலை. வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. இந்த 'எல்லாம் சேர்ந்து' என்பதை நான் முதல் நாளே சொன்னேன். அப்போது அது தம்பிக்குப் பெரிதாகப் படவில்லை. வாடகை எவ்வளவு என்பதையே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

தாம்பரம் பக்கம் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் தம்பியைப் பயமுறுத்தினார். "வடசென்னையா? பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருப்பாய்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. துறைமுகமும் ரயில்வே பணிமனைகளும் ஆலைகளும் இங்கேதான் வந்தன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் எழுந்தது. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நெருக்கமாக வாழ்கிற இடம் இது. கதவைத் தட்டினால் திறக்கிற தெருக்கள் இன்னமும் இங்கே இருக்கின்றன. திருவொற்றியூருக்கு அப்பால் விம்கோ நகர் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது, தீப்பெட்டி ஆலையால் வந்த பெயர் அது என்று சொன்னபோது சித்தி, "அப்படியானால் நம் ஊர்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்த உறவினரின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பார்த்த வீடுகள்

தம்பி மே 6 அன்று வேலையில் சேர்ந்தான். என் வீட்டில் தங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வந்தபின் மாலைகளில் என்னோடு அலைந்தான். மொத்தம் 14 வீடுகள் பார்த்தோம். பெரம்பூரிலும் கொளத்தூரிலும் பார்த்த மூன்றும் எங்கள் கைக்கு எட்டவில்லை. புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஒரு போர்ஷனுக்கு 12,000 சொன்னார்கள்; கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு, நிலையங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள தெருக்களில் வீட்டுக்காரர்கள் சொல்லும் தொகையே மாறிவிட்டது. நான்கு வீடுகள் மாடியில் இருந்ததால் உள்ளே போகாமலே திரும்பினோம்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையில் நல்ல கீழ்வீடு, 9,000 ரூபாய், வாசலில் வேப்பமரம். வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தார். ஊர் கேட்டார், வேலை கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்டார். தம்பி மோர் தம்ளரைக் கீழே வைத்தான். அவன் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அம்மா, "தப்பாக நினைக்காதீர்கள், என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அவர் பிறகு அழைக்கவில்லை. வெளியே வந்தபின் தம்பி வெகு நேரம் பேசாமல் நடந்தான். தெருமுனையில் நின்று, "அண்ணே, நான் வாடகை கொடுக்கப் போகிறேன், பெண்ணா கேட்கப் போகிறேன்?" என்றான். அந்தக் கேள்விக்கு வாடகைச் சட்டத்தில் பதில் இருக்கிறதா என்று அன்றிரவு தேடிப் படித்தேன். வாடகை, முன்பணம், காலி செய்வது பற்றியெல்லாம் விரிவாகப் பேசுகிற அந்தச் சட்டம் எனக்கு அதற்குப் பதில் தரவில்லை.

6,500-ம் 8,500-ம்

கொடுங்கையூரில் ஒரு கீழ்வீடு கிடைத்தது. 6,500 ரூபாய். தம்பி அன்றே டோக்கன் முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டான். நான் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் கட்டடத்தில் மூன்று குடித்தனங்கள், மின் இணைப்பு ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் குறைந்த அடுக்குகளில் கட்டணம் குறைவு. துணை மீட்டர் வீட்டில் இந்தச் சலுகை குடியிருப்பவர் கைக்கு வந்து சேராது. தையல் இயந்திரம், ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறிகள் என்று தம்பி குடும்பத்துக்கு மாதம் 140 யூனிட் ஆகும் என்று வைத்தோம். மாதம் 1,400 ரூபாய். சொந்த இணைப்புள்ள வீட்டில் அதே செலவுக்கு 300 ரூபாயை ஒட்டித்தான் வரும்.

அடுத்தது தண்ணீர். அங்கே ஆழ்துளைக் கிணறு மட்டும்தான். கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. குடிக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு கேன் வாங்கினால் 35 ரூபாய் வீதம் மாதம் 525. லாரித் தண்ணீருக்கு ஒரு குடித்தனத்தின் பங்கு 500 என்று பக்கத்து போர்ஷன் அக்கா சொன்னார். கூட்டினால் 6,500 ரூபாய் வீடு 8,925-ல் வந்து நின்றது.

பின்னால் நாங்கள் பிடித்த காலடிப்பேட்டை வீட்டுக்கு வாடகை 8,500. சொந்த மின் இணைப்பு, வாசலில் குடிநீர் வாரிய இணைப்போடு அடிபம்பு. மின்சாரம் 305, தொட்டி மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொதுச் செலவு 200. மொத்தம் 9,005. வாடகையில் 2,000 ரூபாய் வித்தியாசம் காட்டிய இரண்டு வீடுகளுக்கும் உள்ளபடி இருந்த வித்தியாசம் 80 ரூபாய். நோட்டில் கொடுங்கையூர் வீட்டின் 6,500-ஐயும் 8,925-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் தம்பி, "வாடகை எவ்வளவு?" என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்குவதை நிறுத்தினான். "மீட்டர் தனியா? தண்ணீர் எது?" என்று கேட்க ஆரம்பித்தான்.

சுவரில் ஒரு கோடு

பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில் 7,500 ரூபாய்க்கு ஒரு வீடு. புதிதாக வெள்ளையடித்து, பார்க்கவே பளிச்சென்று இருந்தது. தரகர் அவசரப்படுத்தினார், மாலைக்குள் இன்னொருவர் வருகிறாராம். எனக்குச் சுவர் உறுத்தியது. முழங்கால் உயரத்துக்குக் கீழே வர்ணம் ஒரு மாதிரியாகவும், அதற்கு மேலே வேறு மாதிரியாகவும் இருந்தது. விரலால் தட்டினேன். கீழே பூச்சு பொக்கென்று ஒலித்து உதிர்ந்தது. "ஓதம்தான், சென்னையில் எந்த வீட்டில் இல்லை?" என்றார் தரகர்.

ஓதம் தரையிலிருந்து மேடும் பள்ளமுமாகப் படரும், மட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில் நிற்காது. பிளக் பாயிண்டுகளைப் பார்த்தேன். எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. பக்கத்து வீட்டு வாசல் வழியாக எட்டிப்பார்த்தேன், அவர்களுடைய ஃபிரிட்ஜ் இரண்டடுக்குச் சிமெண்ட் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டதும் சொல்லிவிட்டார்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை, பீரோவின் அடித்தட்டு முழுதும் நனைந்தது. கல்லின் மேல் ஏறிய ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்தத் தெருவுக்குப் போனாலும் நான் இப்போது முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

வாடகையில்லாத வீடு

நாங்கள் விழவிருந்த பள்ளம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வியாசர்பாடி பக்கம் ஒரு கீழ்வீடு, ஐந்து லட்சம் ரூபாய், மூன்று ஆண்டு லீஸ். மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள், இங்கே போக்கியம் அல்லது லீஸ். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுதும் திரும்பி வரும். தம்பி மனைவி அந்த வாரம் வீடு பார்க்க வந்திருந்தார். இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம், ஜன்னலோரம் இயந்திரம் போடலாம். அவருடைய முகத்தில் அன்றுதான் முதன்முறையாக வெளிச்சம் பார்த்தேன். ஊரில் ஒரு சிறு மனை இருக்கிறது, அதையும் நகையையும் வைத்துப் புரட்டிவிடலாம் என்று இரவெல்லாம் இருவரும் பேசியிருக்கிறார்கள்.

முதலில் வட்டிக் கணக்கைச் சொன்னேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால்கூட ஐந்து லட்சத்துக்கு மாதம் 5,000. வாடகை இல்லை என்பது உண்மையல்ல, வாடகையை வட்டிக்கடையில் கட்டப்போகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் 5,000 என்பது மாத வாடகையை விடக் குறைவுதானே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கொடுத்த பணம் பாதுகாப்பாக இருந்தால் லீஸ் லாபம்தான். வடசென்னையில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் வாழ்க்கையில் ஒரு படி ஏறியிருக்கின்றன. நல்ல வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து லட்சம் திரும்பி வருமா என்பதை வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

பத்திர நகல் கேட்டேன். முதலில் தயங்கி, பிறகு முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். ஆவண எண்ணும் ஆண்டும் சார்பதிவாளர் அலுவலகமும் அதில் இருந்தன, எனக்கு அது போதும். ஒரு சொத்தின் மேல் உள்ள விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைப்பேசியில் தேடியபோது, 2021-ல் அந்த வீட்டின் அசல் பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருப்பது பதிவாகியிருந்தது. அதை அடைத்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. அதாவது, வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது.

கடன் தவணை நின்றுபோனால் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வழக்கு மன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்க முடியும். அப்போது லீசுக்குக் குடியிருப்பவரின் கையில் என்ன இருக்கும்? எங்களுக்குத் தருவதாகச் சொன்னது முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், இரண்டு சாட்சி, பதிவு கிடையாது. பணத்தைக் கொடுத்து, வாடகைக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது என்பது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் சுவாதீன அடமானம் என்ற வகையில் வரும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்கிறது அந்தச் சட்டம். நூறு ரூபாய்க்கே பதிவு வேண்டும் என்கிற இடத்தில் ஐந்து லட்சத்தை வெறும் தாளில் கொடுக்கிறோம்.

பதிவு செய்து தர முடியுமா, வங்கியிடம் எழுத்தில் அனுமதி வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். வீட்டுக்காரர், "நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வீடு தர மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். அவரை மோசக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்த மனிதராகத்தான் எனக்குத் தெரிந்தார். எங்கள் ஐந்து லட்சம் அந்தத் தவணைகளுக்குத்தான் போயிருக்கும்.

திரும்பி வரும் வழியில் தம்பி மனைவி பேருந்தில் அழுதார். "அத்தான், வீடு அவ்வளவு நன்றாக இருந்ததே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் இயந்திரம் போடும் இடத்தை அவர் மனத்துக்குள் தீர்மானித்துவிட்டிருந்தார்.

காலை ஐந்து மணி

காலடிப்பேட்டை வீட்டை எங்களுக்குச் சொன்னது தரகர் அல்ல, இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது பலகை மாட்டுவதற்குப் பதினைந்து நாள் முன்பே அவருக்குத் தெரியும். துணி எண்ணிக்கை குறைவதிலேயே கண்டுபிடித்துவிடுவார். இப்படி ஒரு மாத வாடகைத் தரகு மிச்சமானது. காலடிப்பேட்டை பழைய நெசவாளர் குடியிருப்பு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆளுநராக இருந்த காலட் என்பவரின் பெயரில் உண்டாகி, நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. தெருக்கள் குறுகல், வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும்.

மாலையில் பார்த்தபோது வீடு பிடித்திருந்தது. முன்கூடம், ஓர் அறை, சமையலறை. கழிப்பறையில் உட்காரும் வகைப் பீங்கான். பிளக் பாயிண்டுகள் வழக்கமான உயரத்தில், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் தரையில். ஆனால் நான் டோக்கன் கொடுக்க விடவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு நானும் தம்பி மனைவியும் அந்தத் தெருவுக்குப் போனோம்.

வடசென்னையில் ஒரு வீட்டின் குணம் தெரிகிற நேரம் அதுதான். இருட்டு விலகவில்லை. நான்கைந்து வாசல்களில் அடிபம்பு ஓசை, இரும்பு உரசும் அந்தக் 'கிரீச் டக், கிரீச் டக்'. பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில். எங்கள் வாசல் பம்பில் மேல்வீட்டு அம்மா அடித்துக்கொண்டிருந்தார். முதலில் வந்த தண்ணீர் லேசாகக் கலங்கி, துருவாடையோடு இருந்தது. அதை அவர் ஒரு பழைய வாளியில் பிடித்து வாசல் கழுவ ஒதுக்கிவைத்தார். நான்காவது குடத்தில் தெளிந்தது. தம்பி மனைவி உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். "உப்பு இல்லை அத்தான்" என்றார். எத்தனை மணி வரை வரும், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று அவர் கேட்க, மேல்வீட்டு அம்மா விவரமாகச் சொன்னார். ஏழு மணிக்குள் நின்றுவிடும். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். தெருக்கோடியில் ஒரு வீட்டில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அது தடை செய்யப்பட்டது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அந்த வீட்டு மோட்டார் ஓடும் அரை மணி நேரம் இங்கே காற்றுத்தான் வரும். இவ்வளவையும் எந்தத் தரகர் சொல்வார்?

பேச்சு முடிவதற்குள் தம்பி மனைவி பம்பின் கைப்பிடியைப் பிடித்து இரண்டு குடம் அடித்துக் கொடுத்திருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் வீடு என்று.

இரவு பத்து மணிக்கு இன்னொரு முறை போய் நின்றேன். பகலில் கடற்காற்று அடிக்கும், இரவில் காற்று நிலத்திலிருந்து திரும்பும். மணலித் தொழிற்சாலைகளின் வாடை அப்போதுதான் இந்தப் பக்கம் வரும். அன்று மெல்லிய கந்தக வாடை இருந்தது. அதையும் மறைக்காமல் தம்பியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "நான் வேலை பார்க்கிற இடத்தில் இதைவிட அதிகம் அண்ணே" என்றான். குழந்தையும் சித்தியும் மூச்சுவிட வேண்டிய காற்று அது. பத்தாயிரம் ரூபாய்க்குள் வாழ வேண்டியவர்களுக்குத்தான் அந்தக் காற்று வந்து சேருகிறது. இது எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

முன்பணமும் ஒப்பந்தமும்

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. பத்து மாத வாடகை, 85,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். சென்னையில் பல காலமாக இதுதான் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே வரியில் இருக்கிறது. ஆகவே சட்டத்தைத் தூக்கிப் பிடித்துச் சண்டை போடுவதில் பயனில்லை. மூன்று மாதம் என்ற எண்ணைப் பேச்சின் தொடக்கமாக வைத்துக்கொண்டோம். சித்தியின் முழங்கால், குழந்தையின் பள்ளிச் செலவு எல்லாம் சொன்னோம். 50,000-க்கு ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றபோதுதான் அவர் முகம் மாறியது. "பதிவு செய்தால் நீங்கள் காலி செய்யவே மாட்டீர்கள் என்கிறார்களே" என்றார். பழைய 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் வளர்ந்த பயம் அது. குடித்தனக்காரர்கள் இருபது முப்பது ஆண்டுகள் அசையாமல் இருந்த வழக்குகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். புதிய சட்டத்தில் ஒப்பந்தக் காலம்தான் எல்லை, பதிவு உங்களுக்கும் பாதுகாப்புத்தான் என்று இரண்டு மாலை உட்கார்ந்து பேசினேன். அவருடைய மகள் அரசு இணையதளத்தைத் திறந்து தானே படித்துச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

ஒப்பந்தத்தில் நான் வற்புறுத்திச் சேர்த்தவை சில. முன்பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் வாடகை உயராது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும், வெள்ளையடிக்கும் செலவாக ஒரு மாத வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. காலை ஐந்து முதல் ஏழு வரை அடிபம்பு இரு வீட்டுக்கும் பொது. கடைசி வரியைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதத்துக்குப் பின்

ஜூன் முதல் தேதி குடியேறினார்கள். மகள் நடந்து போகும் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்ததால் எரிவாயு இணைப்புக்கும் முகவரி மாற்றத்துக்கும் அலைச்சல் இல்லை. தம்பி மனைவி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடை ஒன்றிலிருந்து ஃபால்ஸ் அடிக்கவும் ஜாக்கெட் தைக்கவும் துணி வாங்கிவருகிறார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் போக வரச் செலவு இல்லை. அவருடைய மாத வருமானம் இப்போது ஏழாயிரத்தைத் தொடுகிறது. மின்கட்டணம் முதல் இரண்டு மாதத்துக்கு 614 ரூபாய் வந்தது. நோட்டுக் கணக்கு பொய்க்கவில்லை.

பொய்த்ததும் உண்டு. பொதுச் செலவு 200 என்று வைத்தோம். தொட்டி மோட்டார் இரண்டு முறை பழுதாகி, ஒரு மாதம் 900 ஆனது. கொசுவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எல்லா ஜன்னலுக்கும் வலை அடிக்க 3,200 செலவானது. தம்பி மாலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கினால் அரை மணிப் பயணம் ஒன்றரை மணி ஆகிவிடுகிறது. வீட்டை அதிகாலையிலும் இரவிலும் பார்த்த நான், அவன் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அந்தச் சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

2024 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று மாலைக்குள் வடிந்தது. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாளில் இரவெல்லாம் தம்பி விழித்திருந்தான். வாசற்படி நனைந்தது, உள்ளே வரவில்லை. அதே மாதம் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்ற செய்தி வந்ததிலிருந்து மகள் மேல்வீட்டுப் பிள்ளைகளோடு மாடிப்படியடியில் பலகை போட்டு ஆடிக்கொண்டிருக்கிறாள். சித்தி வெள்ளிக்கிழமைகளில் ஆட்டோ பிடித்து வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறார். ஊர்ப் பேச்சை எடுத்தால், "இங்கே தண்ணீர் பரவாயில்லை" என்கிறார். கோவில்பட்டிக்காரர் ஒருவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

போன ஞாயிறு அங்கே போயிருந்தபோது இஸ்திரி வண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். தம்பியோடு வேலை செய்கிற பையன் ஒருவன், சாத்தூர்க்காரன், கல்யாணமாகி வீடு தேடிக்கொண்டிருப்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு கீழ்வீடு மாதக் கடைசியில் காலியாகிறதாம், 9,000 சொல்வார்களாம், தனி மீட்டர், பம்பு வாசலுக்கு வெளியே. நாளைக் காலை ஐந்து மணிக்குப் பார்க்கப் போகிறோம். தம்பி மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "தண்ணீரை நான் குடித்துப் பார்த்தால்தான் சரியாக இருக்கும்" என்கிறார்.